விளக்குக்கே ஒரு காவல்காரன்!

போகி விடியற்காலையில் மீனம்பாக்கம் எப்படி இருக்கும் என்று பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2018 ஜனவரி 13-ஐ இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். பழைய பாயும் டயரும் எரிந்த புகை, மார்கழிக் கடைசி நாளின் பனியோடு சேர்ந்து கெட்டியாகத் தரையில் படுத்துக்கொண்டது. காற்று அசையவில்லை. தரை குளிர்ந்து, அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று மூடி போட்டதுபோல நின்றுவிட்டதால் புகைக்கு மேலே போகவும் வழி இல்லை. விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. கிளம்ப வேண்டியவை தரையிலேயே காத்துக் கிடந்தன.

அன்றைக்கு எல்லோரும் புகையைப் பற்றிப் பேசினோம். புகை எவ்வளவு என்று அளந்து சொன்னது யார்? அந்தக் கதை இருக்கிறதே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை!

ஓடுபாதை ஓரத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு கம்பங்கள் நிற்கும். ஒன்றில் ஒரு விளக்கு. எதிர்க் கம்பத்தில் ஒரு ஒளி உணரி. விளக்கு ஒளியை அனுப்புகிறது. உணரி வந்து சேர்ந்ததை எண்ணுகிறது. நடுவில் எவ்வளவு தொலைந்தது என்பதிலிருந்து விமானிக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று கணக்குப் போடுகிறார்கள். டிரான்ஸ்மிசோமீட்டர் என்று பெயர். பெங்களூருவில் இருக்கும் நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸ் உள்நாட்டிலேயே உருவாக்கிய ‘திருஷ்டி’ இந்த வகைதான். இந்திய வானிலைத் துறையோடு சேர்ந்து நாட்டின் பல விமான நிலையங்களில் அதை நிறுவியிருக்கிறார்கள். அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே 30 மீட்டர். அந்த 30 மீட்டர் காற்றை வைத்துக்கொண்டு பத்து மீட்டரிலிருந்து பத்து கிலோமீட்டர் வரை சொல்லிவிடுகிறது!

நம்ப முடிகிறதா? பத்து கிலோமீட்டரை 30 மீட்டரில் அளப்பது!

கணக்கு இதுதான். ஒரு விளக்கின் ஒளி காற்றில் போகப் போகக் குறைந்து நூற்றுக்கு ஐந்தாகும் தூரத்தைத்தான் வானிலைக்காரர்கள் பார்வைத் தூரம் என்கிறார்கள். 1924-ல் ஜெர்மானிய வானிலையாளர் கோஷ்மீடர் போட்ட அடித்தளம் அது. காற்று நல்ல தெளிவாக, பார்வை பத்து கிலோமீட்டர் இருக்கும் நாளில், 30 மீட்டர் கடந்து வரும் ஒளி நூற்றுக்கு 99.1. பார்வை 1500 மீட்டராகச் சுருங்கினால் வந்து சேர்வது 94.2. வெறும் 500 மீட்டர் என்றால் 83.5. புகை முழுக்க மூடி, 50 மீட்டருக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாத நேரத்தில்தான் 16 அல்லது 17 என்று விழும்.

இப்போது முதல் இரண்டு எண்களை மறுபடி பாருங்கள். 99.1, 94.2. வித்தியாசம் ஐந்து சதவீதம்கூட முழுதாக இல்லை! பளிச்சென்ற வானத்துக்கும், எச்சரிக்கை அடிக்க வேண்டிய மூட்டத்துக்கும் நடுவே அவ்வளவுதான் இடம். பார்வை 1500 மீட்டருக்குக் கீழே போனால் ஓடுபாதைப் பார்வைத் தூரத்தைத் தனியாக அளந்து விமானிக்குச் சொல்லத் தொடங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த ஆர்.வி.ஆர். 550 மீட்டருக்குக் கீழே போனால் சாதாரண வகைக் கருவி இறக்கத்துக்கே இடமில்லை.

சரி, புகையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். காற்று சுத்தம். ஆனால் விளக்கு மட்டும் ஐந்து சதவீதம் மங்கிவிட்டது. எதிர்க் கம்பத்து உணரிக்கு இதெல்லாம் தெரியுமா? வந்து சேர்ந்த ஒளி குறைந்தது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். கணக்கு ஒழுங்காகப் போட்டு, பத்து கிலோமீட்டர் தெளிவை 1490 மீட்டர் மூட்டம் என்று சொல்லிவிடும்! ஒரே ஒரு சதவீதம் மங்கினால்கூடப் போதும், பத்து கிலோமீட்டர் அதன் கணக்கில் நாலே முக்கால் கிலோமீட்டராகச் சுருங்கும்.

மெதுவாக ஐந்து சதவீதம் மங்கும் விளக்கை நம் கண் கண்டுபிடிக்காது. வீட்டில் டியூப்லைட் அதைவிட எவ்வளவோ மங்கிய பிறகுதானே மாற்றுகிறோம்.

இதைவிட மோசமான செய்தி, விளக்குகள் மங்குவதற்கென்றே பிறந்தவை. பழைய கருவிகளில் இருந்த டங்ஸ்டன் இழை விளக்குக்கு வோல்டேஜ் ஒரு சதவீதம் இறங்கினால் ஒளி மூன்றரை சதவீதம் போல இறங்கும். மாலை ஆறரைக்குத் தெரு முழுக்க ஏ.சி. ஓடத் தொடங்கும்போது புறநகரில் வோல்டேஜ் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். எல்.இ.டி. வந்ததும் நிம்மதி என்று நினைக்காதீர்கள். அதற்கு வேறு நோய்: சூடு. சிவப்பு எல்.இ.டி.க்கு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய அரை முதல் ஒரு சதவீதம் ஒளி போய்விடும். ஜனவரி விடியலில் மீனம்பாக்கத்தில் 20 டிகிரி. மே மாதப் பகலில் 40-ஐத் தாண்டும். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் இன்னும் அதிகம். இருபது டிகிரி ஏறினால் பத்து முதல் இருபது சதவீதம் ஒளி காணாமல் போகும். நமக்கோ ஒரு சதவீதமே கொள்ளாது!

அப்படியானால் மே மாத மதியத்தில் ஏன் பொய் மூட்டம் காட்டுவதில்லை? விளக்குக்கு ஒரு காவல்காரன் இருக்கிறான். அவனைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

ஓடுபாதைப் பக்கம் நம்மை விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் அதே காவல்காரனின் சின்னத் தம்பி நம் தெருவிலேயே இருக்கிறான்: ரத்தப் பரிசோதனைக் கூடத்துக் கலரிமீட்டருக்குள். குரோம்பேட்டையில் லேப் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு சின்னப் பட்டறை. ஒரு மேசை, இரண்டு மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், சுவரோரம் மூடி கழற்றிய கருவிகள். மேசைக்காரர் எனக்காக ஒரு கலரிமீட்டரின் முதுகைத் திறந்து வைத்திருந்தார்.

உள்ளே பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்! வெளியே எட்டெட்டு பட்டன், டிஸ்ப்ளே என்று மிரட்டும் பெட்டி. உள்ளே சில நிற எல்.இ.டி.கள், ஒரு லென்ஸ், ரத்தத்தில் மருந்து கலந்த திரவத்தை வைக்கும் குழாய்க் கூடு, அதற்கு அப்பால் ஒரு போட்டோடயோடு. அவ்வளவுதான். திரவம் எவ்வளவு ஒளியைக் குடித்தது என்று பார்த்துச் சர்க்கரை, ஆல்புமின், கிரியாட்டினின் எல்லாம் சொல்கிறது. ஓடுபாதையில் 30 மீட்டர் காற்று இருந்த இடத்தில் இங்கே ஒரு சென்டிமீட்டர் திரவம்.

“இதைப் பாருங்க சார்” என்று ஸ்குரூடிரைவர் நுனியால் காட்டினார். எல்.இ.டி.க்குப் பக்கவாட்டில், திரவத்தின் பக்கமே திரும்பாமல், இன்னொரு போட்டோடயோடு. கறுப்புச் சதுரம், ஒரு பக்கம் ஐந்து மில்லிமீட்டர்கூட இருக்காது. “எல்லாரும் அந்தப் பக்கம் இருக்கறதுதான் கண்ணுன்னு நினைப்பாங்க. இது ரத்தத்தைப் பாக்காது. லைட்டை மட்டும்தான் பாக்கும். ராத்திரி பகல் இதுக்கு அதான் வேலை.”

இவன்தான்! விளக்கையே வேவு பார்க்கும் கண்!

பிறகு அவர் செய்து காட்டியதை இந்தப் பக்கத்தில் எப்படிக் கொண்டுவருவேன் என்று தெரியவில்லை. எல்.இ.டி.க்குப் போகும் கரன்ட் தெரிகிற மாதிரி ஒரு மல்டிமீட்டரை இணைத்தார். 12 மில்லி ஆம்பியர் காட்டியது. திரவத்துக்கு அப்பால் இருக்கும் உணரியில் இன்னொரு மீட்டர். “சார், நான் எல்.இ.டி.யைத் தொடவே மாட்டேன். பாருங்க” என்று கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துணுக்கு கத்தரித்து, அந்தப் பக்கவாட்டுக் கண்ணின் மேல் ஒட்டினார்.

சிவப்பு எல்.இ.டி. பளீரென்று எரிந்தது!

கரன்ட் முப்பதுக்கு எகிறி, அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. “விளக்கு அணைஞ்சுபோச்சுன்னு நெனச்சிக்கிட்டு முழுசா திறந்து விடுது. அதுக்கு மேல போகாம ரெசிஸ்டர் புடிச்சிருக்கு. இல்லன்னா எல்.இ.டி. காலி.” டேப்பை உரித்தார், மறுகணம் 12. இப்போது செல்போன் டார்ச்சை அந்தக் கண்ணுக்கு நேரே அடித்தார். எல்.இ.டி. சட்டென்று அணைந்தே போய்விட்டது! ‘ஒளிதான் தேவைக்கு மேல் இருக்கிறதே, நான் எதற்கு’ என்று. நான் டார்ச்சைப் பிடுங்கி நானே அடித்துப் பார்த்தேன். அடித்தால் அணைகிறது, எடுத்தால் எரிகிறது. விட மனம் வரவில்லை.

ஆனால் உண்மையான அழகு அதற்கு அடுத்ததில் இருந்தது. சால்டரிங் அயர்னை எல்.இ.டி.யின் காலருகே கொண்டுபோய், தொடாமல், சூடு மட்டும் படும்படி பிடித்தார். முதல் மீட்டரில் கரன்ட் மெல்ல ஏறத் தொடங்கியது. 12.1. 12.3. 12.8. பதின்மூன்றரை. இரண்டாவது மீட்டரைப் பார்த்தேன். திரவத்தைத் தாண்டி வந்த ஒளி. கடைசி இலக்கம்கூட நகரவில்லை. ஒரு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஓடுவதால்தான் மற்றொன்று அசையாமல் நிற்கிறது! சூட்டில் எல்.இ.டி. களைத்துப்போகிற அளவுக்குச் சரியாகக் கரன்டைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது சர்க்யூட்.

அந்த சர்க்யூட் எவ்வளவு சின்னது தெரியுமா? வேவுக் கண்ணில் ஒளி பட்டால் அதற்கேற்ப ஒரு துளிக் கரன்ட் வரும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியே விட்டால் வோல்டேஜ் ஆகிறது. இரண்டு வோல்ட் என்று வையுங்கள். இன்னொரு பக்கம், எந்த வெயிலிலும் மாறாத இரண்டு வோல்ட் ஒன்று தனியாக இருக்கிறது, அதுதான் ரெஃபரன்ஸ். இரண்டையும் ஆப்-ஆம்ப் என்ற எட்டுக் கால் ஐ.சி. ஒப்பிடுகிறது. கண்ணின் வோல்டேஜ் மயிரிழை குறைந்தாலும் ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை ஏற்றும், அது டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் திறக்கும், எல்.இ.டி.க்குக் கரன்ட் கூடும், ஒளி கூடும், கண்ணின் வோல்டேஜ் பழைய இடத்துக்கு வரும். கூடினால் எல்லாம் தலைகீழ். சுற்றிச் சுற்றி, ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை திருத்திக்கொள்ளும் வேகத்தில். கச்சேரி மேடையில் பாடுகிறவர் தன் குரலைத் தன் காதாலேயே கேட்டுத் தம்புராவோடு சேர்த்துக்கொண்டே போவதுபோல. தம்புரா இடத்தில் ரெஃபரன்ஸ், காது இடத்தில் போட்டோடயோடு.

ஃபீட்பேக் என்று நாம் எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிற பின்னூட்டம்தான் இது. எதிர்திசையில் திருத்துவதால் நெகட்டிவ் ஃபீட்பேக். ஆப்-ஆம்ப்பின் இரண்டு உள்ளீட்டுக் கால்களை மாற்றிக் கொடுத்துவிட்டால் கதை கந்தல்: ஒளி கூடினால் இன்னும் கூட்டு, குறைந்தால் இன்னும் குறை என்று ஆகி, எல்.இ.டி. ஒன்று முழுக்க எரியும், இல்லை முழுக்க அணையும். நடுவே நிற்கவே நிற்காது.

ஆம்ப்ளிஃபையரில் இதை முதலில் தெளிவாகக் கண்டவர் பெல் லேபரட்டரீஸைச் சேர்ந்த ஹரோல்டு பிளாக். 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, ஹட்சன் நதியில் வேலைக்குப் படகில் போய்க்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே வரைந்து கையெழுத்துப் போட்டார். அவருடைய கவலை தொலைபேசிப் பேச்சு கரகரக்காமல் இருக்க வேண்டும் என்பது. ஆம்ப்ளிஃபையரின் பலத்தில் பெரும் பகுதியைத் தியாகம் செய்து, அந்த விலைக்கு ஒழுங்கை வாங்கிக்கொள் என்றார். நம் எட்டுக் கால் ஐ.சி.க்கு ஒரு லட்சம் மடங்கு பெருக்கும் பலம் உண்டு. அத்தனையையும் கொட்டித்தான் இந்த ஒரு எல்.இ.டி.யை அடக்கி வைத்திருக்கிறோம். எனக்கு இதில் ஒரு கம்பீரம் தெரிகிறது.

பட்டறைக்காரர் போர்டில் ஒரு சின்னக் கெப்பாசிட்டரைத் தட்டிக் காட்டினார். “இதக் கழட்டிட்டா என்ன ஆவும் தெரியுமா? லைட்டு நடுங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்கோப்புல பாத்தா தெரியும்.” அவசரம்தான் காரணம். கண் சொன்ன சேதி சுற்றி வர ஒரு நொடித்துளி பிந்துகிறது. அதற்குள் ஆப்-ஆம்ப் அளவுக்கு மீறித் திருத்திவிடும், பிறகு அதைத் திருத்த மறுபக்கம் பாயும், ஊசலாட்டம் நிற்காது. கெப்பாசிட்டர் அதன் வேகத்தைக் குறைத்துப் பதற்றத்தை அடக்குகிறது. மெதுவாக வரும் சூட்டுக்கு மெதுவான திருத்தம் போதுமே.

அருகே இருந்த ரெசிஸ்டரையும் விடவில்லை. “மெட்டல் ஃபிலிம் போட்டிருக்கான் பாருங்க. இந்த இடத்துல கார்பன் போட்டா எல்லாம் வேஸ்ட்டு.” நியாயம்தான்! விளக்கை நம்பாமல் காவல்காரனை வைத்தோம். இப்போது எல்லாம் காவல்காரனின் நேர்மையைப் பொறுத்தது. நல்ல வேளை, அவன் நேர்மையானவன். சிலிக்கான் போட்டோடயோடு சிவப்பு ஒளியைப் பார்க்கும்போது வெப்பத்தால் மிகக் கொஞ்சமே மாறும். நல்ல ரெஃபரன்ஸ் ஐ.சி. இருபது டிகிரி ஏறினாலும் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நகரும். மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரும் அதே ரகம். எல்.இ.டி.யின் பத்து, இருபது சதவீதத்துக்கு முன்னால் இவையெல்லாம் பாறை.

இதெல்லாம் எதற்கு என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். நூறு மில்லிகிராம் சர்க்கரைக்கு உறிஞ்சல் 0.3 காட்டும் கலரிமீட்டர் ஒன்று. காலையில் ஸ்டாண்டர்டு வைத்துச் சரிசெய்தாயிற்று. பிறகு அறை சூடாகி, காவல் இல்லாத எல்.இ.டி. ஐந்து சதவீதம் மங்குகிறது. மங்கிய ஒளியை, திரவம் குடித்த ஒளி என்று கருவி எண்ணும். வெறும் வயிற்றில் உண்மையாக 120 இருப்பவருக்கு 127 என்று அச்சடித்துக் கொடுக்கும். 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்பது மருத்துவக் கோடு. அதே ஐந்து சதவீதம்! மீனம்பாக்கத்தில் தெளிந்த வானத்தை மூட்டமாக்கிய அதே ஐந்து, இங்கே எல்லையில் நிற்கும் ஒருவரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது.

பட்டறையை விட்டு வெளியே வந்தால் பார்க்கும் இடமெல்லாம் அந்தக் கண்தான். பரணில் கிடக்கும் பழைய சி.டி. பிளேயரில் இருக்கும் லேசருக்கு மூன்று கால். மூன்றாவது கால் எதற்கு? லேசரோடு அதே உறைக்குள் ஒரு போட்டோடயோடு குடியிருக்கிறது. அது சொல்கிறபடிதான் லேசர் எரியும். காசநோய்க்கு இன்று செய்யும் சி.பி.நாட் பரிசோதனையிலும் ஒளியைப் பாய்ச்சிச் சாயம் ஒளிர்வதைத்தான் சுற்றுக்குச் சுற்று எண்ணுகிறார்கள். பாய்ச்சும் ஒளி தள்ளாடினால் எண்ணிக்கையும் தள்ளாடும். தாம்பரம் சானடோரியம் 1928-லிருந்து காசநோயோடு போராடும் இடம். அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போது இனி எனக்கு இந்தக் கண் ஞாபகம் வராமல் இருக்காது.

ஜி.எஸ்.டி. சாலையில் அப்படியே வந்தால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரி. 1949-ல் சி. ராஜம் தொடங்கியபோதே விமானவியல், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றோடு கருவித் தொழில்நுட்பத்தையும் தனிப் பாடமாக வைத்தார். சுதந்திரம் கிடைத்து இரண்டே வருடம்! அப்துல் கலாம் படித்த கல்லூரி என்று விமானத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறோம். அளவெடுக்கும் கருவியையே ஒரு படிப்பாக்கலாம் என்று அன்றைக்கே குரோம்பேட்டையில் ஒருவருக்குத் தோன்றியதை நாம் இன்னும் பெரிதாகப் பேச வேண்டும்.

ஓடுபாதைக்கே திரும்பிவிடுவோம், ஏனென்றால் அங்கே காவல்காரனின் வேலை இன்னும் கடினம். கலரிமீட்டர் மூடிய பெட்டி, உள்ளே இருட்டு. ஓடுபாதையில் சூரியனே எதிரே நிற்கிறது! செல்போன் டார்ச்சுக்கே அணைந்துபோன சர்க்யூட் வெயிலில் என்ன செய்யும்? இங்கேதான் அந்த வடிவமைப்பாளர்களைக் கட்டிப் பிடிக்கத் தோன்றும். விளக்கை விடாமல் எரிய விடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரித்து எரித்து அணைக்கிறார்கள். எரியும்போது வந்த ஒளியிலிருந்து அணைந்தபோது வந்த ஒளியைக் கழித்தால் சூரியன் தானாகக் காணாமல் போகும். எதிர்க் கம்பத்து உணரியும் அந்தத் தாளத்துக்கே கணக்கெடுக்கும்.

இன்னொரு சிக்கல், காவல்காரன் எங்கே நிற்கிறான் என்பது. வெளியே போகிற ஒளியின் உண்மையான ஒரு பங்கு அவனுக்குக் கிடைக்க வேண்டும். அதனால் விளக்கின் பாதையில் சாய்வாக ஒரு கண்ணாடித் துண்டை வைத்துச் சிறு பங்கைத் திருப்பிவிடுவது வழக்கம். ஆனால் அவன் பெட்டிக்கு உள்ளே இருக்கிறான். பெட்டியின் வெளிக் கண்ணாடியில் போகிப் புகையின் கரி படிந்தால் அவனுக்குத் தெரியாது! உள்ளே எல்லாம் சரி என்று அவன் சொல்லிக்கொண்டிருப்பான். வெளியே ஒளி தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே கண்ணாடி அழுக்கை அளக்க இன்னொரு உணரி. அதன் கணக்கைச் சேர்த்துத் திருத்தும் ஒரு கணினி. அதோடு துணியும் கையுமாகப் போய்க் கண்ணாடியைத் துடைக்கும் மனிதர்கள். தெளிந்த நாளில் கருவியை மறுபடி சரிபார்த்து வைப்பதும் அவர்கள்தான். அவர்களுக்கு என் பெரிய கும்பிடு.

எல்லோரும் விளக்கைப் பிடித்து நிறுத்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய ஆய்வகங்களில் இருக்கும் இரட்டைக் கற்றை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், ‘விளக்கு ஆடினால் ஆடட்டும்’ என்று விட்டுவிடும். ஒளியை இரண்டாகப் பிரித்து ஒன்றைத் திரவம் வழியாகவும் இன்னொன்றை நேராகவும் அனுப்பி, ஒன்றை மற்றொன்றால் வகுக்கும். விளக்கு ஆடியது இரண்டிலும் சமமாக ஆடியிருப்பதால் வகுத்ததும் போய்விடும். புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் தேர்வு என் கையில் இருந்தால் நான் பின்னூட்டத்தின் பக்கம். எட்டுக் கால் ஐ.சி. ஒன்றில் முடிகிற வேலை. தெருமுனை லேப் வாங்கக்கூடிய விலை. மேலும், விளக்கு எப்போது சாகப்போகிறது என்பதையும் அது முன்கூட்டியே சொல்லிவிடும்! எல்.இ.டி.க்கு வயதாக ஆக, அதே ஒளிக்கு அதிகக் கரன்ட் தேவைப்படும். புதிதில் 12 இருந்தது சில வருடங்களில் 18 ஆகும், பிறகு 24. எல்லையைத் தொடுவதற்கு முன்பே ‘இதை மாற்று’ என்று எச்சரிக்கை வைத்துவிடலாம். ஒளியைப் பார்த்தால் கடைசி நாள் வரை ஒரு குறையும் தெரியாது. கரன்டைப் பார்த்தால்தான் அதன் வயது தெரியும்.

உங்கள் வீட்டில் பதினொன்றாம் வகுப்போ, பாலிடெக்னிக்கோ படிக்கிற பிள்ளை இருந்தால் இதை மேசையிலேயே செய்யலாம். ஒரு சிவப்பு எல்.இ.டி., பி.பி.டபிள்யூ.34 போட்டோடயோடு, எல்.எம்.358 ஐ.சி., பி.சி.547 டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி. எல்லாம் ரிட்சி தெருவில் கிடைக்கும். எல்.இ.டி.யோடு வரிசையில் ஒரு ரெசிஸ்டரைக் கட்டாயம் போடுங்கள், டேப் ஒட்டும்போது அதுதான் எல்.இ.டி.யைக் காப்பாற்றும். எல்.இ.டி.யையும் போட்டோடயோடையும் ஒரு கறுப்புக் குழாய்க்குள் வையுங்கள்; டியூப்லைட் வெளிச்சம் பட்டால் சர்க்யூட் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.